எது பாவம், எது பழக்கம்? கோவையை விட்டுப் போன ஆயரின் கதை

பாவம், பலி, உயிர்ப்பு. இந்த மூணு சொல்லையும் கோவில்ல கேட்டுக் கேட்டுப் பழகிட்டோம். ஒருத்தரோட வாழ்க்கையில வச்சுப் பார்த்தா இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு இன்னிக்குப் பேசலாம்.

கோவை பெரியகடைவீதியில புனித மிக்கேல் பேராலயம் இருக்கில்லையா, அதைக் கட்ட ஆரம்பிச்சவர் மரியோன் தெ பிரெசியாக். பிரான்ஸ்காரர். 1846ல கருமத்தம்பட்டியில ஆயரா அபிஷேகம் ஆனப்போ வயசு 32. இந்த மண்ணுக்கு இங்கேயே பிறந்த குருக்கள் வேணும்கிறதுல உறுதியா இருந்தார்.

அவர் மனசை அரிச்சது ஒரே கேள்வி: எது பாவம், எது வெறும் பழக்கம்?

இது அவருக்கு முன்னாடியே இருந்த வழக்கு. 1704ல போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில ஒரு தடைப் பட்டியல் போட்டார். தாலியில பிள்ளையார் உருவம் கூடாது, பெண் பெரியவளானா சீர் கூடாது, நெத்தியில சாம்பல் கூடாது. ஒடுக்கப்பட்டவங்க குடிசைக்குள்ள போய் நோயாளிக்கு அருட்சாதனம் கொடுக்க மறுக்கிறதும் கூடாது. 1744ல போப் பதினாலாம் பெனடிக்ட் முடிவா ஆணை போட்டார். மிஷனரிகள் அதுக்குக் கட்டுப்படுறதா சத்தியம் செய்யணும். ஆனா குடிசை விஷயத்துல மட்டும், அந்த மக்களுக்குன்னு தனிச் சாமியார்களை வச்சுக்கலாம்னு ஒரு வழி விட்டாங்க.

எனக்கு இங்கதான் இடிக்குது. சாம்பலுக்குத் தடை, தீண்டாமைக்கு மட்டும் தனி ஏற்பாடு!

நூறு வருஷம் கழிச்சும் குழப்பம் தீரல. ஒரு சாமியார் அனுமதிச்சதை இன்னொருத்தர் பாவம்னார். மனசாட்சி ஒப்பாம பிரெசியாக் பதவி விலகினார். 1855ல ரோம் அதை ஏத்துக்கிச்சு. அடுத்த வருஷம் பிரான்ஸ்ல, லியோன் நகரத்துல, ஆப்பிரிக்காவுக்குன்னு ஒரு மறைபரப்புச் சபை ஆரம்பிச்சார். 1859 மே மாசம் சியரா லியோன்ல, ஃப்ரீடவுன்ல போய் இறங்கினார். ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்துல இறந்துட்டார். வயசு 45.

பலின்னா நமக்கு நேர்த்திக்கடன்தான் ஞாபகம் வரும். கேட்டது கிடைச்சுது, கிடா வெட்டினோம். இங்க அந்தக் கணக்கே இல்ல. கொடுத்தவர் பலன் எதையும் பார்க்கல.

பலன் பின்னாடி வந்துச்சு. லியோன்ல இருந்த அகுஸ்தீன் பிளாங்க் அந்தச் சபையைக் கைவிடல. இன்னிக்கும் அது ஆப்பிரிக்காவுல இருக்கு. 1940ல ரோம் அந்தச் சத்தியத்தை ரத்து பண்ணிச்சு.

இதைத்தான் உயிர்ப்புன்னு சொல்லி முடிச்சுடலாமா? எனக்கு மனசு வரல. சத்தியம் போச்சு, சாதி போகல. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்க எழுப்பின சுவரைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு நம்புறவங்க, அவங்களுக்கு நடுவுல எதுக்குச் சுவர் வைக்கணும்? எது பழக்கம்னு எவ்வளவு வேணா வாதம் பண்ணலாம். எது பாவம்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்ல.