துக்கத்துக்கு முன்பே பிறந்தவை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த 'சமாரியா' கப்பலில் கோட்டையூர்க்காரர் ஒருவர் இருந்தார். பெயர் ஏ.கே. செட்டியார். வயது 26 நிரம்பவில்லை. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர். அன்று காந்தி பிறந்தநாள். காந்திக்கு ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் உதித்தது.

எண்ணம் வருவது எளிது. காந்தியை யார் யாரோ, எங்கெங்கோ படம்பிடித்திருந்தார்கள். சில நொடி ஓடும் துண்டுகள் கண்டம் கண்டமாகச் சிதறிக் கிடந்தன. உலகப்போர் வாசலில் நின்ற நாட்களில், ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து அவற்றைத் தேடிச் சேர்த்தார் செட்டியார். 30 ஆண்டுகளில் சுமார் 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருள்! அதை வெட்டித் தொகுத்து 12,000 அடியாக்கினார்கள். தமிழ் விளக்கவுரை சேர்ந்தது. டி.கே. பட்டம்மாள் பாடினார். 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் படம் வெளியானது. தமிழ்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் செய்த இந்தக் காரியத்துக்கு ஈடாக அந்தக் காலத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

காந்திக்காகப் பதிவான ஒரு பாட்டின் கதை வேறு. 1947இல் காந்தி தம் பிறந்தநாளையொட்டி, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 'ஹரி தும் ஹரோ' என்ற மீரா பஜனையைப் பாடிக் கேட்க விரும்பினார். தமக்கு அது பழக்கமில்லை, வேறு யாராவது பாடலாமே என்று இங்கிருந்து பதில் போயிற்று. பிறர் பாடுவதைவிட எம்.எஸ். அதை வாசித்தாலே போதும் என்று அங்கிருந்து மறுபதில் வந்தது. அதற்கப்புறம் எப்படி மறுப்பது? ஆர். வைத்தியநாதன் மெட்டமைத்தார். சென்னை வானொலி நிலையத்தில் இரவோடு இரவாகப் பதிவாகி, விமானத்தில் டில்லி போய்ச் சேர்ந்தது. இன்று மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த நிலையம் அப்போது எழும்பூரில் இருந்தது.

நான்கே மாதம். 1948 ஜனவரி 30 மாலை காந்தி சுடப்பட்ட செய்தியைச் சொன்ன வானொலி, அதைத் தொடர்ந்து இதே பதிவை ஒலிபரப்பியது. தன் குரலையே கேட்ட எம்.எஸ். மயங்கி விழுந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறந்தநாள் பரிசு ஒரே இரவில் நாட்டின் ஒப்பாரியாகிவிட்டது.

செட்டியாரும் ஓயவில்லை. காந்தி மறைந்தபின் ஹாலிவுட்டுக்குப் போய் ஆங்கில வடிவம் ஒன்றைச் செய்து முடித்தார். அது 1953இல் வெளியானது. அப்புறம் படமே கண்ணில் படாமல் போயிற்று. அவர் 1983இல் காலமானார். ஆங்கில வடிவத்தின் சுருக்கப் பிரதி ஒன்றை வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல ஆண்டுகள் கழித்து சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். சென்னையில் வெளியான படத்தை அமெரிக்காவில் தேடவேண்டி வந்தது நமக்கு வெட்கம்.

அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள், கவனிக்காமல் விட்டால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒட்டிக் கட்டியாகும், கடைசியில் தகர டப்பாவுக்குள் பழுப்புப் பொடிதான் மிஞ்சும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். தி. நகரிலோ மயிலாப்பூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு டப்பாவோ பழைய இசைத்தட்டோ இருந்தால், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.