வீட்டுத் தச்சுப் பட்டறையும் மரத்தூசியும்

கோவை மாவட்டத்துச் சோமனூர் விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். தறிக்குடோனிலிருந்து வெளியே வருபவரின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, தச்சுப் பட்டறையில் பறக்கும் மரத்தூசியை இங்கே யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.

இழைப்புளி பிடித்து வேலை செய்த காலத்தில் மரத்திலிருந்து வந்தவை பெரும்பாலும் சுருள்கள். அவை தரையில் விழும். கூட்டி அள்ளி அடுப்பெரிக்கலாம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்து பஞ்சாலைகளைப் பெருக்கியது. அதே மின்சாரம் பிற்காலத்தில் ஆசாரியின் கைக்கருவி வரை வந்து சேர்ந்தது. வட்ட ரம்பமும் உப்புத்தாள் சுழலும் இயந்திரமும் மரத்தைச் சுருளாகச் சீவுவதில்லை, மாவாக்குகின்றன. எம்.டி.எஃப். பலகை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் நெடுநேரம் காற்றில் மிதக்கும். அவற்றுள் மிக நுண்ணியவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே கெடுதி.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலித் தொழிலுக்குப் புகழ்பெற்றது. அவ்வூர்ப் பகுதியின் மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்கின் உட்பகுதியில் வரும் அரிய புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியில், மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இடம்பெற்றது.

தூசியைப் பிடிக்கும் கருவி அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 1885-இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் என்பவர் சுழல்காற்றுப் பிரிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். தூசி கலந்த காற்று ஒரு கூம்புக்குள் சுழன்று இறங்கும். கனமான துகள்கள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழும். காற்று நடுவழியே மேலே போய்விடும். மர அறுவை ஆலைகளின் கூரைமேல் இத்தகைய பெரிய கூம்புகள் நின்றன. 1970களின் இறுதியில் அப்படியொரு கூம்பைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் பையில்லாத வீட்டுத் தூசி உறிஞ்சியை உருவாக்க முனைந்தார். ஆலைக் கூரையிலிருந்த பொருள் வீட்டுக்கு வந்த கதை இது. இன்று மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிமேல் சிறு கூம்பைப் பொருத்தி, தூசி உறிஞ்சியோடு இணைத்துக்கொள்ளும் தச்சர்கள் உண்டு. ஆனால் மிக நுண்ணிய தூசி கூம்பில் முழுதும் பிரியாது. உறிஞ்சியின் வடிகட்டி தரமாக இல்லையென்றால் அது மறுபக்கம் வழியாக அறைக்குள்ளேயே திரும்பும்.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948, தன் 14-ஆம் பிரிவில் தெளிவாகச் சொன்னது: தூசி உறிஞ்சும் கருவி, தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும், அந்த இடத்தை இயன்றவரை மூட வேண்டும். பொறியியல் பாடமாகவே வைக்கத்தக்க வாசகம். நூற்பாலைகளில் இயந்திர வரிசைமேல் ஓடிக்கொண்டே பஞ்சை உறிஞ்சும் கருவிகள் வந்தன. ஆனால் மின்விசை இருந்தால் 10 தொழிலாளர் என்பது அச்சட்டத்தின் பொதுக் கணக்கு. தறிக்குடோன்கள் பலவும், வீட்டுப் பின்புறப் பட்டறைகளும் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. அங்கே விளக்குமாறுதான். கூட்டும்போது படிந்த தூசி மீண்டும் எழும்பும். கம்ப்ரசர் காற்றால் ஊதினால் இன்னும் மோசம். வீட்டோடு ஒட்டிய பட்டறையானால் அந்தக் காற்று சமையலறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் போகும்.

கையால் தேய்க்கும் மின்கருவிகள் பலவற்றில் தூசி வெளியேறும் வாய் ஒன்று உண்டு. கருவியுடன் வரும் சிறு துணிப்பையைக் கழற்றிவிட்டு அங்கே உறிஞ்சிக் குழாயைச் செருகினால், 14-ஆம் பிரிவு கேட்டது வீட்டிலேயே ஓரளவு நிறைவேறும்.