மார்க்ஸை எழுத வைத்த ஒயின்

கார்ல் மார்க்ஸ் பொருளாதாரத்தின் பக்கம் திரும்பியதில் மோசல் ஆற்றங்கரையின் வெள்ளை ஒயினுக்கும் பங்கு உண்டு. அவர் பிறந்த ட்ரியர் நகரம் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அவருடைய அப்பாவுக்கு அருகிலேயே திராட்சைத் தோட்டமும் இருந்தது. 1843 ஜனவரியில், கொலோனிலிருந்து வெளிவந்த ‘ரைனிஷ் ட்சைட்டுங்’ நாளிதழில், திராட்சை விவசாயிகள் நொடித்துப்போன கதையை எழுதி பிரஷ்ய அதிகாரிகளைச் சாடினார் மார்க்ஸ். மார்ச் மாதத்தோடு அந்தப் பத்திரிகையையே அரசு மூடிவிட்டது.

விவசாயிகள் ஏன் நொடித்தார்கள்? 1815-க்குப் பிறகு ரைன்லாந்து பிரஷ்யாவின் கைக்குப் போனது. சுங்கவரியின் பாதுகாப்பில் மோசல் ஒயினுக்கு நல்ல விலை கிடைக்க, பலர் புதிதாகக் கொடி நட்டார்கள். 1834-இல் ஜெர்மன் நாடுகளின் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்ததும், தெற்கே விளைந்த ஒயின் தடையில்லாமல் சந்தைக்குள் நுழைந்தது. அந்தக் காலத்தில் விளைச்சலும் அடிக்கடி காலை வாரியது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது குளிர். இங்கே வளரும் ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் திராட்சை. 1435-ஆம் ஆண்டின் ஒரு கணக்குக் குறிப்பிலேயே ரைன் பகுதியில் அதன் பெயர் வந்துவிடுகிறது. 1787-இல் ட்ரியரின் பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நடும்படி ஆணையிட்டார். மோசல் ரீஸ்லிங்கின் நாடாக மாற அதுவும் ஒரு காரணம். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடும் சிலேட்டுப் பாறைச் சரிவில்தான் கொடி பிழைத்தது. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகைவரை செங்குத்தாக நிற்கிறது. அங்கே இயந்திரத்துக்குப் பெரும்பாலும் வேலையில்லை, முதுகுதான் வேலை செய்யவேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் பழத்தில் புளிப்பு தூக்கலாகவே இருந்தது. 1850-களில் ட்ரியரின் லுட்விக் கால், புளிப்பான திராட்சைச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீர் சேர்க்கும் முறையைப் பரப்பினார். ஏழை விவசாயிக்கு அது கைகொடுத்தது. சுத்த ஒயின் பேசியவர்களோ முகம் சுளித்தார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது.

இந்த ஒயினுக்குத் தனி முகம் கொடுத்ததும் அதே குளிர்தான். சில்லிட்ட நிலவறையில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும்; கொஞ்சம் சர்க்கரை தங்கும், ஆல்கஹால் ஏறாது. 1971-ஆம் ஆண்டு ஜெர்மன் ஒயின் சட்டம் ‘கபினெட்’ என்று வகுத்தது தரவரிசையில் மிக லேசானதை. மோசல் கபினெட்டில் பெரும்பாலும் 8 சதவீதத்தை ஒட்டியே ஆல்கஹால் இருக்கும்.

சாப்பாட்டில் இந்த ஒயினுக்கு முதல் துணை ஆற்றிலேயே நீந்தியது. நான்காம் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஔசோனியஸ் மோசலைப் பாடியபோது, கரையின் திராட்சையோடு ஆற்று மீன்களையும் வகைவகையாக அடுக்கினார். வெண்ணெயில் வறுத்த ட்ரௌட் மீனுக்கும், ஜூன் 24-ஓடு பருவம் முடியும் வெள்ளை அஸ்பாரகஸுக்கும் இன்றும் மோசல் ஒயினே ஜோடி. புளிப்பு கொழுப்பை அறுக்கிறது. மிச்ச இனிப்பு உப்பையும் காரத்தையும் தணிக்கிறது. ஆல்கஹால் குறைவென்பதால் மிளகாய் எரிச்சலும் கூடுவதில்லை. தாய்லாந்துச் சமையலோடு இதைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

ரைன் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான ‘ப்ளூ நன்’ ஒயினையோ எந்த உணவுக்கும் பொருந்தும் என்று விளம்பரம் செய்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குவித்து விற்றார்கள். விற்பனைப் பேச்சு அது; எல்லா உணவுக்கும் ஒரே ஒயின் பொருந்தாது. வாட்டிய மாட்டிறைச்சிக்கு முன் கபினெட் காணாமல் போய்விடும். கேக்கோடு வைத்தால் வெறும் புளிப்புத் தண்ணீர். அதற்குத் தித்திப்பு கூடிய அவுஸ்லேஸ வகையைத் திறப்பதே மேல்.