சர்வருக்கான லினக்ஸ் வழங்கல்

லினக்ஸ் கெர்னலோடு தேவையான மென்பொருள்களையும் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்து, தொடர்ந்து பராமரித்துத் தரும் தொகுப்பே லினக்ஸ் வழங்கல். பேச்சுவழக்கில் டிஸ்ட்ரோ. இரவுபகலாக ஓடும் சர்வருக்கு இதைத் தேர்ந்தெடுக்கும்போது புதுமையைவிட ஆயுளே முக்கியம்: பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும், அவற்றைத் தரப்போவது யார்?

டெபியனின் நிலைப்பதிப்புக்கு நீள்கால ஆதரவையும் சேர்த்து சுமார் 5 ஆண்டுகள். உபுண்டு எல்டிஎஸ் பதிப்புக்கும் 5. ப்ரோ சந்தா இருந்தால் 10. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸுக்கு 10. இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க உதவுவது பேக்போர்ட்டிங் என்னும் உத்தி. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றாமல், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டுப்போடுவார்கள். 2014இல் வெளியான சென்ட்ஓஎஸ் 7இன் கெர்னல் கடைசிவரை 3.10தான். பதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர்கள், எப்போதோ அடைத்த ஓட்டையையும் திறந்தே கிடப்பதாக அறிவிக்கும். இதைத் தணிக்கையாளருக்குப் புரியவைப்பது சிஸ்டம் நிர்வாகிக்குத் தனி வேலை.

அறிவித்த ஆயுளும் மாறலாம். ரெட் ஹாட்டின் மூலநிரல்களிலிருந்து கட்டப்பட்ட இலவச வழங்கலான சென்ட்ஓஎஸ், 2014இல் அந்நிறுவனத்தின் அரவணைப்புக்குள் வந்தது. 2019 செப்டம்பரில் வெளியான 8ஆம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று நம்பிப் பலர் சர்வர்களை மாற்றினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 இறுதியோடு முடியும் என்ற அறிவிப்பு வந்தது. பழைய 7ஆம் பதிப்போ 2024 ஜூன் 30 வரை ஓடியது. அவசரமாக முன்னேறியவர்களே முதலில் தெருவுக்கு வந்தார்கள்! அந்த இடத்தை நிரப்ப 2021இல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. 2023 ஜூனில் ரெட் ஹாட் மூலநிரல் வெளியீட்டைச் சுருக்கியதும் இரண்டின் பாதைகளும் பிரிந்தன. ராக்கி அச்சு அசலாக ஒத்திருப்பதில் உறுதியாக நின்றது. அதே செயலிகள் ஓடினால் போதும் என்று அல்மா முடிவுசெய்தது.

சில இடங்களில் தேர்வுக்கே வழியில்லை. எஸ்ஏபி ஹானா தரவுதளத்துக்கு அந்நிறுவனத்தின் ஆதரவு வேண்டுமானால் ரெட் ஹாட் அல்லது சூசே நிறுவனப் பதிப்புதான். அத்தகைய கட்டாயம் இல்லாத இணைய சர்வருக்கு டெபியன் நல்ல தேர்வு. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அதை இன்றும் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள்; ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு அதன் ஆயுளைக் குறைத்துவிட முடியாது. நிலைப்பதிப்பிலிருந்து அடுத்ததற்கு, புதிதாக நிறுவாமல், இருக்கும் சர்வரிலேயே மாறலாம். ஆனால் நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் அழைக்க ஒப்பந்த எண் எதுவும் அதோடு வராது.