ஒரு கணக்கு வாத்தியாரின் பத்திரிகை

'வான் நியூமன் ஆர்க்கிடெக்சர்' என்று பரீட்சைக்கு உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நியூமன் பிறந்து வளர்ந்த ஹங்கேரி நாட்டுக் கதை இது.

1894-ல் கியோர் நகரத்து ஆசிரியர் டானியல் அரானி, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணிதப் பத்திரிகை தொடங்கினார். அதில் வரும் கணக்குகளை வீட்டில் போட்டு, விடையைத் தபாலில் அனுப்ப வேண்டும். சரியாகப் போட்டவர்களின் பெயர் அச்சாகும். பிற்காலத்தில் மேதையான பால் எர்டோஸ், சிறுவயதில் இப்படி விடை அனுப்பியவர்தான்.

1896 முதல் பத்திரிகையை நடத்தியவர் லாஸ்லோ ராட்ஸ். புடாபெஸ்டில் தன் மாணவனான நியூமனின் திறமையைக் கண்டுகொண்டு, தகப்பனாரிடம் பேசி, பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் தனிப்பாடத்துக்கு வழி செய்தார். பையனும் பள்ளியை விடாமல் தோழர்களோடு படித்தான்.

இரண்டு உலகப் போர்களில் நின்றுபோன பத்திரிகை 1925-லும் 1947-லும் மறுபடி எழுந்தது. இன்றும் வருகிறது.

நம் சங்கத்தில் இத்தனை இன்ஜினியர்கள் இருக்கிறோம். மாதம் பத்துக் கணக்கு அச்சடித்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்து, வரும் விடைகளைத் திருத்தித் தர நம்மால் முடியும். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளும் கை கொடுங்கள்; இந்த வருடமே ஆரம்பித்துவிடலாம்.