சாந்தோரினித் தீவின் திராட்சைத் தோட்டங்கள்

கிரேக்க நாட்டின் தெற்கே, ஏஜியன் கடலில் உள்ள சைக்கிளாடீஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது சாந்தோரினி. இதன் பழைய பெயர் தேரா. பரப்பளவு ஏறத்தாழ 76 சதுர கிலோமீட்டர். ஆறோ ஏரியோ இங்கே கிடையாது. வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும் கொண்ட சுற்றுலாப் படங்களால்தான் இன்று பலரும் இத்தீவை அறிவர். ஆனால் சுற்றுலா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இத்தீவு மக்களுக்குச் சோறு போட்டது திராட்சைக் கொடியும் அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒயினும்தான்.

மத்தியதரைக் கடல் தட்பவெப்பம் என்பதைப் புவியியல் பாடத்தில் படித்திருப்போம். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. ஆலிவ், அத்தி, திராட்சை ஆகிய மூன்றும் இந்த முறைக்கு ஏற்ற பயிர்கள். வேரை ஆழமாக இறக்கி, குளிர்காலத்து ஈரத்தைத் தேடி எடுத்துக் கோடையைக் கடத்திவிடும். திராட்சையில் ஒரு சிக்கல் உண்டு. வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். புளிப்பு குறைந்த பழத்தின் ஒயின் சப்பென்று இருக்கும், நெடுநாள் தாங்காது. ஆகவே மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள உழவர்கள் வெயிலுக்கு நடுவே குளிர்ச்சியைத் தேடுவார்கள். சிசிலித் தீவில் எட்னா எரிமலையின் சரிவில் உயரமான இடங்களுக்குத் தோட்டத்தைக் கொண்டுபோனது அதனால்தான். சாந்தோரினியின் தோட்டங்களோ பெரும்பாலும் தாழ்வான சரிவுகளில், மரநிழல்கூட இல்லாமல், கொதிக்கும் வெயிலில் கிடக்கின்றன. அப்படியிருந்தும் கிரேக்கத்திலேயே புளிப்பு மிகுந்த வெள்ளை ஒயின்களில் ஒன்று இங்கிருந்துதான் வருகிறது. இது எப்படி என்பதற்கு விடை பாதி மண்ணிலும் பாதி காற்றிலும் இருக்கிறது.

எரிமலை தந்த மண்

சாந்தோரினி ஒரு எரிமலையின் எஞ்சிய விளிம்பு. கி.மு. 1600 வாக்கில் நடந்த பெருவெடிப்பில் தீவின் நடுப்பகுதி சரிந்து, கடல் உள்ளே புகுந்தது. பிறை வடிவில் நிற்கும் இன்றைய தீவு அப்போது எஞ்சியது. வெடிப்பின் காலத்தைக் குறித்து ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. சிலர் ஒரு நூற்றாண்டு வரை முன்பின்னாகச் சொல்வர். வெடிப்பின் சாம்பலும் நுரைக்கல்லும் சில இடங்களில் பல பத்து மீட்டர் தடிமனுக்கு நிலத்தை மூடின. அதன் அடியில் புதைந்த அக்ரோதிரி என்னும் ஊரை 1967இல் தொடங்கி அகழ்ந்தவர் ஸ்பிரிடான் மரினாட்டோஸ். அங்கே கிடைத்த மண்கலங்களில் திராட்சைக் குலைகள் தீட்டப்பட்டவையும் உண்டு. ஆக, வெடிப்புக்கு முன்பே இங்கு கொடி இருந்தது.

இதை வைத்து, 3,500 ஆண்டுகளாக இங்கு இடையறாமல் திராட்சை பயிராகிறது என்று விளம்பர ஏடுகள் எழுதுகின்றன. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. வெடிப்புக்குப் பின் தீவு நெடுங்காலம் வாழ்வதற்கு ஏற்றதாக இல்லை. பிறகு கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் ஸ்பார்ட்டாவுடன் தொடர்புடைய தோரியர்கள் வந்து குடியேறினர். இன்றைய தோட்டங்களின் கதையை வெடிப்புக்குப் பிந்தைய மண்ணிலிருந்து தொடங்குவதே சரி. ஏனெனில் வெடிப்புக்கு முந்தைய மண் ஆழத்தில் புதைந்து போயிற்று.

புதிய மண்ணை உள்ளூரில் ‘ஆஸ்பா’ என்பர். சாம்பல், நுரைக்கல், எரிமலை மணல், உடைந்த பாறைத் துண்டுகள் எல்லாம் சேர்ந்தது அது. மக்கு மிகக் குறைவு, களிமண் மிகச் சொற்பம். நம் ஊர் உழவர் ஒருவர் பார்த்தால் இதை மண் என்றே ஒப்பமாட்டார். ஆனால் நுரைக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். இரவில் கடலிலிருந்து எழும் ஈரத்தையும் எப்போதோ பெய்யும் மழையையும் அத்துளைகள் உறிஞ்சி வைத்து, பகலில் கொடிக்குக் கொஞ்சங்கொஞ்சமாக விடுகின்றன. ஆண்டு மழை 300 முதல் 400 மில்லிமீட்டர் அளவுதான். கோடையில் பெரும்பாலும் துளிகூட விழாது. பாசனமே இல்லாமல் கொடி பிழைப்பதற்கு இந்த நுரைக்கல் முதன்மையான காரணம்.

இம்மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பது இன்னொரு செய்தி. பொட்டாசியம் பழத்துக்குள் மிகுதியாகச் சென்றால் அங்குள்ள டார்ட்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து புளிப்பைத் தணித்துவிடும். இங்கே அது குறைவாக இருப்பதால் புளிப்பு நிற்கிறது. தீவின் முதன்மை இரகமான அசிர்த்திகோவுக்கு இயல்பிலேயே வெயிலில் புளிப்பை இழக்காத தன்மை உண்டு. இரகமும் மண்ணும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. ஒன்றை மட்டும் புகழ்வது பொருந்தாது.

எரிமலைப் பாறையின் சுவை ஒயினில் தெரிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். கொடியின் வேர் பாறையைக் கரைத்துச் சுவையாக ஏற்றுமதி செய்வதில்லை. கொடி எடுப்பது நீரில் கரைந்த மிகச் சிறிதளவு தாதுக்களை. அவற்றுக்கு நாவில் தெரியும் சுவை கிடையாது என்று புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மேன் போன்றோர் விளக்கியுள்ளனர். மண்ணின் பங்கு வேறு வழியில் வருகிறது: எவ்வளவு நீர், எவ்வளவு ஊட்டம், எவ்வளவு விளைச்சல் என்பதை அது முடிவு செய்கிறது. மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

கொடியைக் கூடையாகப் பின்னுதல்

கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கிரேக்கர் ‘மெல்தெமி’ என்று பெயரிட்டுள்ளனர். வெப்பத்தைத் தணித்து, பூஞ்சை நோய் வராமல் இலைகளை உலர்த்துவதும் அதுதான். ஆனால் இதே காற்று மணலை வாரியிறைக்கும். பூவையும் இளம் குருத்தையும் ஒடித்துவிடும். கம்பமும் கம்பியும் கட்டிக் கொடியை நிமிர்த்தி வளர்த்தால் தாங்காது.

இதற்குத் தீவு மக்கள் கண்ட வழி ‘கூலூரா’. வளையம் என்று பொருள். குளிர்காலத்தில் கொடியைக் கத்தரிக்கும்போது, விட்டுவைத்த நீண்ட தண்டுகளைத் தரையோடு ஒட்டி வட்டமாக வளைத்துப் பின்னுவார்கள். அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு சுற்று. பானை வைக்க வைக்கோலால் திரிக்கும் பிரிமணையைப் பெரிதாக்கித் தரையில் வைத்தது போலிருக்கும். குலைகள் வளையத்தின் உட்பக்கம், இலைகளின் மறைவில் தொங்கும். காற்றும் மணலும் வெளியே நின்றுவிடும். வெயிலும் நேராகச் சுடாது. இரவின் ஈரம் உள்ளே தங்கும்.

ஆண்டுக்கு ஆண்டு சுற்று ஏற ஏற, வேரிலிருந்து நுனிக்கு நீர் செல்ல வேண்டிய தொலைவு கூடி விளைச்சல் குறையும. எழுபது எண்பது ஆண்டுகள் ஆனதும் பழைய கூடையை அடியோடு அறுத்தெடுப்பார்கள். பழைய வேரிலிருந்தே புதிய தளிர் வரும். மறுபடியும் முதல் சுற்று. இப்படிப் பலமுறை அறுபட்டு, சில நூறு ஆண்டுகளைக் கண்ட வேர்களும் தீவில் உண்டு என்று உழவர்கள் சொல்கின்றனர். செத்துப்போன கொடியின் இடத்தைப் பக்கத்துக் கொடியின் தண்டைப் பதியம் போட்டு நிரப்புவதும் வழக்கம்.

இவை அனைத்தும் கைவேலை. கூடைக்குக் கூடை இடைவெளி அதிகம், வரிசையும் கிடையாது, இயந்திரம் நுழைய முடியாது. அறுவடையின்போது குனிந்தே வேலை செய்யவேண்டும். விளைச்சலோ ஹெக்டேருக்கு இரண்டு மூன்று டன்னைத் தாண்டுவது அரிது.

பைலோக்செரா வராத நிலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது பைலோக்செரா என்னும் சிறுபூச்சி. அசுவினிக்கு உறவு, வட அமெரிக்காவிலிருந்து வந்தது, கண்ணுக்குத் தெரியாமல் வேரில் இருந்து சாறு உறிஞ்சும். 1860களில் தென் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868இல் மொன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர் ஜூல் எமில் பிளாஞ்சோனும் உடன் சென்றவர்களும் வேரைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டனர். இறுதியில் கிடைத்த தீர்வு, இப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. இன்று உலகின் பெரும்பாலான தோட்டங்கள் அவ்வாறு ஒட்டுக் கட்டியவையே.

பூச்சி வேருக்கு வேர் செல்வது மண்ணின் வெடிப்புகள் வழியாக. களிமண் காய்ந்தால் வெடிக்கும், வழி கிடைக்கும். மணல் சரிந்து வழியை மூடிவிடும். தென் பிரான்சிலேயே ஏக் மோர்த் நகரை ஒட்டிய கடற்கரை மணலில் நட்ட கொடிகள் தப்பின. சாந்தோரினியில் தீவு முழுவதுமே அப்படிப்பட்ட நிலம். ஆகவே இங்கு ஒட்டுக் கட்டவேண்டிய தேவை எழவில்லை. கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. கூடையை அறுத்துப் பழைய வேரிலிருந்து மறுபடி தளிர்க்கவிடும் முறை இங்கே தொடர்வதற்கும் இதுவே காரணம். ஒட்டுக் கொடியை ஒட்டுக்குக் கீழே அறுத்தால் அமெரிக்கக் கொடிதானே முளைக்கும்?

வின்சாந்தோவும் கப்பல்களும்

1204இல் நான்காம் சிலுவைப் போருக்குப் பின் இத்தீவு வெனிசியர் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. புனித ஐரீன் என்னும் பெயரிலிருந்து சாந்தோரினி என்ற வழக்கு பிறந்தது இக்காலத்தில். பழத்தை ஒன்று, இரண்டு வாரம் வெயிலில் உலர்த்திச் சாறெடுத்து, மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்த இனிப்பு ஒயினே அன்றைய வாணிகப் பொருள். இதன் பெயர் வின்சாந்தோ. சாந்தோரினி ஒயின் என்பதன் சுருக்கம் என்பர். சர்க்கரையும் புளிப்பும் மிகுந்திருந்ததால் கடற்பயணத்தில் கெடாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தீவின் கப்பல்கள் இதைக் கருங்கடல் வழியே ரஷ்யாவுக்குக் கொண்டு சென்றன. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் திருவிருந்துக்கு இந்த ஒயின் பயன்பட்டது. 1917 புரட்சியோடு அந்தச் சந்தை ஒரேயடியாக மறைந்தது.

இதே காலத்தில் ஆஸ்பா மண்ணும் கப்பலேறியது. சுண்ணாம்போடு சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும் தன்மை எரிமலைச் சாம்பலுக்கு உண்டு. சூயஸ் கால்வாய்ப் பணிகளுக்குச் சாந்தோரினியின் சாம்பல் வெட்டியெடுத்துச் செல்லப்பட்டது.

எரிமலை மண் ஒயினோடு சேர்ந்து பயணம் செய்ததற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் மதுச்சாடிகளில், கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவையும், இத்தாலியின் காம்பானியாவைச் சேர்ந்தவையும் உள்ளன. காம்பானியச் சாடிகளை அடையாளம் காட்டுவது அவற்றின் களிமண்ணில் கலந்துள்ள கருநிற எரிமலை மணல். வெசூவியஸ் எரிமலைப் பகுதியின் மணல் அது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் பாடும் புறநானூற்று 56ஆம் பாடலை இச்சாடிகளோடு சேர்த்துப் படிக்கலாம்.

இன்றைய நிலை

1956 ஜூலை 9 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர், வீடுகள் தரைமட்டமாயின. பலர் தீவை விட்டே போய்விட்டனர். தோட்டங்கள் ஆளின்றிக் கிடந்தன. 1971இல் சாந்தோரினி ஒயினுக்குச் சட்டப்படியான இடப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. பிந்தைய ஆண்டுகளில், உலர்த்தாத பழத்திலிருந்து எடுக்கும் வெள்ளை ஒயின் உலகெங்கும் பெயர் பெற்றது. இன்று கிரேக்கத்திலேயே விலை மிகுந்த திராட்சை இத்தீவில் விளைவதுதான்.

விலை உயர்ந்தும் தோட்டம் சுருங்குகிறது. இன்றுள்ள பரப்பு 1,200 ஹெக்டேருக்கும் குறைவு. ஒரு காலத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கடல் தெரியும் நிலத்தில் தங்கும் விடுதி கட்டினால் வரும் வருவாய்க்குத் திராட்சை ஈடாகாது. கூடை பின்னத் தெரிந்தவர்கள் முதியவர்கள். இளைஞர்களுக்கு விடுதிகளில் வேலை இருக்கிறது. வேர் பிழைத்தாலும் பின்னும் கை இல்லையென்றால் கூலூரா இல்லை. இந்த இரண்டாவது இழப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது, நிலத்தைச் சட்டத்தால் காக்கலாம் என்பதால்.

தட்பவெப்பமும் மாறி வருகிறது. 2023, 2024 ஆண்டுகளில் மழைக்குறைவும் கடும் வெப்பமும் சேர்ந்து விளைச்சலை மிகவும் குறைத்தன. ஈரத்தைச் சேமிக்கும் நுரைக்கல்லுக்கும் சேமிக்க ஏதாவது வரவேண்டும் அல்லவா? சில உழவர்கள் புதிய நடவுகளைக் கம்பி கட்டி வரிசையாக வளர்த்து, சொட்டுநீர் விடுகின்றனர். கூடையை விட்டால் தோட்டத்தின் தன்மையே போய்விடும் என்பது மற்றவர்களின் கட்சி. 2025 தொடக்கத்தில் தொடர் நில அதிர்வுகளால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிகமாகத் தீவை விட்டு வெளியேறினர். அது கொடியைக் கத்தரித்துக் கூடை பின்னும் பருவம்.