வழக்காறு வென்ற வழக்கு: இராமநாதபுரம் தத்துரிமைத் தீர்ப்பும் ஜைன சமுதாயமும்

சேது காவலர் எனப் புகழ்பெற்ற சேதுபதிகளின் இராமநாதபுரம் சீமை, 1803-ஆம் ஆண்டு நிரந்தரத் தீர்வையின்கீழ் இராணி மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீனாக உறுதி செய்யப்பெற்றது. இராமேசுவரம் தீவையும் நெடிய கடற்கரையையும் தன்னகத்தே கொண்ட இந்தப் பெருநிலத்தின் உரிமை, அரை நூற்றாண்டுக்குள் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. கணவனை இழந்த பெண் மகவைத் தத்தெடுக்கலாமா என்பதே அக்கேள்வி.

இராமசாமி சேதுபதி 1830-இல் ஆண் வாரிசின்றிக் காலமானார். அவர்தம் மனைவி இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். கணவர் எழுதிவைத்த அனுமதி ஏதும் இல்லாத அந்தத் தத்து செல்லாது என்றும், இராணிக்குப் பின் ஜமீன் அரசையே சேரும் என்றும் மதுரை ஆட்சியர் வாதிட்டார். அக்காலத்தில் இராமநாதபுரம் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. கணவரின் தாயாதிகள் இசைவளித்ததே போதுமானது என்பது தத்துப்பிள்ளையின் தரப்பு.

1862-இல் தொடங்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றம், 1864-இல் தத்து செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. அங்கு 1868-இல் சர் ஜேம்ஸ் கோல்வில் வழங்கிய தீர்ப்பு, உயர்நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. திராவிட நாட்டில், கணவனின் அனுமதி இல்லாதவிடத்தும், தாயாதிகளின் இசைவுடன் விதவை தத்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். அத்துடன், தெளிவாக மெய்ப்பிக்கப்பெற்ற வழக்காறு நூல்விதியினும் வலியது என்னும் கோட்பாட்டையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முத்துராமலிங்க சேதுபதி 1873-இல் மறைந்தபோது, அவர்தம் மகன் பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்தார். ஜமீன் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ எனும் அரசுக் காப்பு நிர்வாகத்தின்கீழ்ச் சென்றது. தத்தை மறுத்து நிலத்தைக் கோரிய அதே அரசு, அத்தத்தின் வழிவந்த சிறுவருக்காக அந்நிலத்தைப் பேணிக் காத்து, 1889-இல் அவரிடமே ஒப்படைத்தது. நீதிமன்றத்தின் சொல் செயலாவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தீர்ப்புக்கும் ஜைன சமுதாயத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அக்கால நீதிமன்றங்கள், வேறு வழக்காறு மெய்ப்பிக்கப்படாதவரை, ஜைனருக்கும் இந்துச் சட்டத்தையே பொருத்தின. ஆகவே நூலினும் வழக்காறு வலியது என்ற கோட்பாடு, தனி மரபுடைய நம்மவர்க்கு ஒரு வாயிலைத் திறந்தது. 1878-இல் சகாரன்பூரைச் சேர்ந்த ஜைனக் குடும்பத்தின் வழக்கில், மகப்பேறில்லா ஜைன விதவை எவர் அனுமதியுமின்றித் தத்தெடுக்கலாம் என்னும் வழக்காற்றைப் பிரிவி கவுன்சில் ஏற்றது. நம் மரபில் நீத்தார்க்குப் பிண்டமிடும் கடன் இல்லை. தத்து என்பது குடும்பமும் உடைமையும் தொடர்வதற்கான ஏற்பாடே. அம்மரபை அறிந்த ஜைனர்கள் நேரில் அளித்த சாட்சியமே அவ்வழக்கிற்கு வலிமை தந்தது.

தென்னாட்டிலோ நிலை வேறாயிற்று. 1890-களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், அத்தகைய வழக்காறு இங்குள்ள ஜைனரிடையே உண்டென மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரே சமயத்தைச் சார்ந்தோருக்கு வடக்கே கிட்டிய உரிமை இங்கே கிட்டாது போனதற்குக் காரணம், சான்றுக் குறைவே ஆகும். 1927-இல் அதே நீதிமன்றத்தில் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி, ஜைனர் இந்து சமயத்தினின்று பிரிந்தவர் அல்லர் என்றும், ஜைனம் ஸ்மிருதிகளுக்கு நெடுங்காலம் முற்பட்ட வரலாறுடையது என்றும் தம் கருத்தைப் பதிந்தார். எனினும் முந்தைய தீர்ப்புகள் அவரைக் கட்டுப்படுத்தின.

ஜைனருக்கும் பொருந்தும் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், விதவை தாமே தத்தெடுக்கும் உரிமையை நேரடியாக வழங்கியது. ஆதலின் அந்தப் பழைய வினா இன்று முடிந்துபோனது. ஆனால் வழக்காறு பற்றிய பாடம் முடிந்துவிடவில்லை. இராமேசுவரம் திருக்கோயில் பண்டாரத்தின் பொறுப்புரிமை குறித்துச் சேதுபதி தொடுத்த மற்றொரு வழக்கில், பிரிவி கவுன்சில் 1874-இல், ஒவ்வொரு சமய நிறுவனத்தின் தனி விதிகளையும் வழக்கங்களையும் ஆராய்ந்தே முடிவு காணவேண்டும் என்று கூறியது.

நம் ஜினாலயங்களுக்கும் மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்திற்கும் உரிய வழக்கங்கள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. பூசை முறை, நிர்வாகப் பொறுப்பு, கோயில் நிலத்தின் அனுபோகம் ஆகியன முதியோர் நினைவில் மட்டும் தங்கியிருந்தால், தேவைப்படும் நாளில் அவை சான்றாக நில்லா. பட்டா, செப்பேடு, கல்வெட்டுப் படி, கணக்கேடு ஆகியவற்றை ஒவ்வோர் ஊராரும் தொகுத்துப் பேணுதல் வேண்டும். முதியோர் வாய்மொழியையும் இன்றே எழுதி வைத்தல் வேண்டும். மரபு வாழ்வதற்கு அதைக் கடைப்பிடிப்போர் வேண்டும். அது மன்றத்தில் வெல்வதற்கு எழுத்தும் வேண்டும்.